சிவன்மலைப் பக்கத்து மூன்று கற்கள்: குருந்தமா, அக்வாமரைனா, கெம்பா?

கொங்குக்கல்:
வணக்கம். காங்கேயம் சிவன்மலைக்குப் பக்கத்தில், மழைக்குப் பின் உழுத மேட்டாங்காட்டில் பொறுக்கியவை.

கல் ஒன்று: சாம்பல் கலந்த நீலம், ஆறு பக்கம், 3 செ.மீ. நீளம். நடுவில் பருத்து இரு முனையும் ஒடுங்கியிருக்கிறது. ஒரு பக்கம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. கத்தியால் கீறினால் கீறல் விழுகிறது, அதனால் கடினம் (1 முதல் 10 வரையுள்ள மோஸ் அளவில்) 5-க்குக் கீழே என்று நினைக்கிறேன். அபடைட்டா?

கல் இரண்டு: வெளிர் பச்சை கலந்த நீலம், கண்ணாடி மாதிரித் தெளிவு. படிக முகம் எதுவும் இல்லை, உடைந்த துண்டு. பார்த்தவர்கள் அக்வாமரைன் என்கிறார்கள்.

கல் மூன்று: மிளகு அளவுள்ள சிவப்பு மணிகள், ஒரு கைப்பிடி. கெம்பு என்று ஒருவர், கார்னெட் என்று இன்னொருவர்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் என்னென்ன?

அரமும்_ஆணியும்:
நிறத்தைக் கடைசியில் பாருங்கள். நீலம் என்றால் குருந்தம் (இதன் சிவப்பு வகைதான் கெம்பு), பெரில் (இதன் நீல வகைதான் அக்வாமரைன்), அபடைட், ஃபுளோரைட், கயனைட், கண்ணாடி எல்லாமே வரிசையில் நிற்கும்.

முதல் கல்லின் கத்திச் சோதனையை நான் நம்பவில்லை. குருந்தக்கல்லின் மேல்தோல் பல இடங்களில் அப்பிரகமாக, அதாவது நம் காக்காப்பொன் வகைக் கனிமமாக மாறியிருக்கும். அந்தத் தோல் கடினம் 3 அல்லது 4 தான், கத்தி அதில் தாராளமாக இறங்கும். நீங்கள் கீறியது கல்லையா, அதன் சட்டையையா என்பதுதான் கேள்வி. புதிதாக உடைந்த ஒரு முனையைத் தேடி அங்கே கீறுங்கள்.

கீறும் முறை: கூர்முனையை அழுத்தி அரை செ.மீ. தூரம் ஒரே இழுப்பு. பிறகு ஈர விரலால் துடைத்துவிட்டு லென்ஸில் பாருங்கள். துடைத்ததும் கோடு போய்விட்டால் அது கீறல் அல்ல, கத்தியின் இரும்பு கல்லின் மேல் தேய்ந்து ஒட்டிய தடம். நகத்தை ஓட்டினால் பள்ளம் தட்டுப்பட வேண்டும். மணிமணியாக இருக்கும் கல்லில் மணி பெயர்ந்து வருவதையும் கீறல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அளவுகோல்கள்: விரல் நகம் 2.5, செம்புக் காசு 3-க்குச் சற்று மேல், ஜன்னல் கண்ணாடி 5.5, நல்ல இரும்பு அரம் 6.5, வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ் 7. அதற்கு மேலே போக ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் கறுப்பு வாட்டர் பேப்பர் போதும். அதில் இருப்பது சிலிகான் கார்பைடு, குருந்தத்தையும் தேய்த்துவிடும். வெங்கச்சங்கல்லின் வழவழப்பான முகத்தை உங்கள் கல் சுலபமாகக் கீறுகிறதா என்று பாருங்கள். கீறினால் அபடைட் என்ற பேச்சே இல்லை.

சாணைப்பட்டறை:
ஆறு பக்கம் என்றதும் ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அந்தப் பகுதியில் ஆறு பக்கத்தோடு வரக்கூடியவை ஐந்தாறு உண்டு. வடிவத்தையும் வரியையும் சேர்த்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

பெரில்: பென்சில் துண்டு போல நேரான ஆறு பக்கம், தட்டையான முனை. வரிகள் இருந்தால் நீளவாக்கில் ஓடும். கடினம் 7.5 முதல் 8.

குருந்தம்: நடுவில் பருத்து முனை ஒடுங்கும். வரிகள் குறுக்காக ஓடும். தட்டையான முனையில் சின்னச் சின்ன முக்கோணங்கள் தெரியலாம். உடைந்த இடம் தட்டையாக மின்னும். பிளவு என்று தோன்றும், ஆனால் உண்மையான பிளவு அல்ல, இரட்டைப் படிக அடுக்குகளின் வழியே பிரிவது.

குவார்ட்ஸ்: இதிலும் பக்க முகங்களில் குறுக்கு வரிதான். ஆனால் முனை கோபுரம் போலக் கூம்பும், உடைந்த இடம் சிப்பியின் உட்புறம் போல வளைந்திருக்கும்.

டூர்மலின்: நீளவாக்கில் ஆழமான வரி. குறுக்கே உடைந்த முகம் உப்பிய முக்கோணம் போல இருக்கும்.

அபடைட்: பெரிலைப் போலவே ஏமாற்றும். கத்தி இறங்கினால் மாட்டிக்கொள்ளும்.

உங்கள் வர்ணனையைப் படித்தால் கல் ஒன்று குருந்தம் பக்கம்தான் சாய்கிறது. வரி எந்தத் திசையில் ஓடுகிறது என்று சொல்லுங்கள்.

நெப்பிலின்:
எல்லாரும் கல்லையே பார்க்கிறீர்கள். அதில் ஒட்டியிருக்கும் வெள்ளைதான் முக்கியமான சாட்சி. அது ஃபெல்ட்ஸ்பாரா (பாறைகளில் பரவலாக இருக்கும் வெளிர்நிறக் கனிமம்), குவார்ட்ஸா?

சிவன்மலை சாதாரண கருங்கல் மலை இல்லை. அது நெப்பிலின் சயனைட், குருந்த சயனைட் வகைப் பாறை, அதாவது ஃபெல்ட்ஸ்பார் மிகுந்து, அதோடு நெப்பிலின் என்ற கனிமமோ குருந்தமோ சேர்ந்த பாறை. புவியியலாளர் டி. எச். ஹாலந்து 1901-இல் இதைப் பற்றித் தனி ஆய்வே எழுதினார். அந்தப் பாறை உருவான குழம்பில் அலுமினா மிகுதி, சிலிக்கா பற்றாக்குறை. சிலிக்கா முழுவதும் ஃபெல்ட்ஸ்பார் கட்டுவதிலேயே செலவாகிவிட்டது. மிஞ்சிய அலுமினாவுக்குச் சேர ஆள் இல்லை, அது தனியே படிகமானது. அதுதான் குருந்தம்.

சிலிக்கா தாராளமாக இருந்திருந்தால் அலுமினாவோடு சேர்ந்து சில்லிமனைட், கயனைட் போன்றவை உருவாகியிருக்கும். நெப்பிலினுக்கும் அதே கதைதான்: அதோடு குவார்ட்ஸ் சேர்ந்தால் இரண்டும் ஆல்பைட் ஃபெல்ட்ஸ்பாராகிவிடும். அதனால் ஒரே பாறைத்துண்டில் குருந்தமும் குவார்ட்ஸும் தொட்டுக்கொண்டு இருப்பது மிக மிக அபூர்வம். வெள்ளை ஃபெல்ட்ஸ்பார் என்றால் குருந்தத்துக்கு வாய்ப்பு கூடும். குவார்ட்ஸ் என்றால் பெரிலையோ டூர்மலினையோ தேடுங்கள்.

இரண்டையும் பிரிக்கச் சோதனை ஒன்றும் வேண்டாம். வெயிலில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஃபெல்ட்ஸ்பாரில் தட்டையான முகங்கள் ஒரே நேரத்தில் பளிச்சென்று மின்னி அணையும், அவை ஏறத்தாழ செங்கோணத்தில் சந்திக்கும். குவார்ட்ஸில் அப்படி மின்னும் தளமே கிடையாது, எண்ணெய் தடவியது போல ஒரு வழவழப்பு மட்டும் இருக்கும்.

லென்ஸ்பத்து:
நெப்பிலின் சொல்வது பாறைக்குள் இருக்கும் கல்லுக்குச் சரி. இது உழுத மண்ணில் எடுத்தது. மலைப் பாறையிலிருந்து வந்ததும், பக்கத்து நைஸ் பாறையை (உருமாறிய வரிப்பாறை) வெட்டி ஓடும் பெக்மடைட்டிலிருந்து (பெரிய படிகங்கள் கொண்ட நரம்புப் பாறை) வந்ததும், ரோட்டுக்குக் கொட்டிய ஜல்லியும் ஒரே காட்டில் கலந்து கிடக்கும். ஒட்டியிருப்பது சாட்சி, பக்கத்தில் கிடப்பது சாட்சி ஆகாது.

குருந்தமும் குவார்ட்ஸும் சேராது என்ற விதியிலும் ஒரு நெளிவு உண்டு. குவார்ட்ஸ் நிறைந்த பெக்மடைட் போய் சிலிக்கா வறண்ட மேக்னீசியப் பாறையை வெட்டினால், அந்தப் பாறை பெக்மடைட்டின் சிலிக்காவை உறிஞ்சிக்கொள்ளும். தொடும் ஓரத்தில் காக்காப்பொன் அடுக்கு உருவாகும், உள்ளே குவார்ட்ஸ் காணாமல் போய் குருந்தம் தோன்றும். பெக்மடைட்டில் பெரிலியமும் பாறையில் குரோமியமும் இருந்துவிட்டால் அதே ஓரத்தில் மரகதம். ஆக ஒரு பெக்மடைட்டின் நடுவில் குவார்ட்ஸ், ஓரத்தில் குருந்தம் என்று வரமுடியும். தொட்டுக்கொண்டு இருக்காது, அவ்வளவுதான்.

நெப்பிலின்:
// தொட்டுக்கொண்டு இருக்காது, அவ்வளவுதான் //
ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னதும் ஒரே துண்டைப் பற்றித்தான்.

அரமும்_ஆணியும்:
விவாதம் போகட்டும். ஒப்படர்த்தி, அதாவது அதே கன அளவுத் தண்ணீரைப் போல கல் எத்தனை மடங்கு எடை என்பதை எடுத்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். குவார்ட்ஸ் 2.65, பெரில் 2.7 சுற்றி, டூர்மலின் 3.0 முதல் 3.2, அபடைட் 3.2, குருந்தம் 4.0. இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது வீட்டு முறையே போதும்.

1. கல்லைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவி, நன்றாகக் காயவைத்து எடை பாருங்கள். இது முதல் எடை.
2. டம்ளரில் முக்கால் பங்கு தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு விட்டு, மெல்லக் கலக்குங்கள். நுரை வரக்கூடாது. டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள்.
3. கல்லை மெல்லிய நைலான் நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதாக இறக்குங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக்கூடாது, கையில் பிடித்தபடியே நிறுத்துங்கள். தராசு காட்டுவது கல் விலக்கிய தண்ணீரின் எடை.
4. முதல் எடையை இதனால் வகுத்தால் ஒப்படர்த்தி.

எங்கே தப்பும்? காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் விலக்கிய எடை கூடும், விடை குறையும். சோப்புச் சொட்டு அதற்காகத்தான். கல் அடியைத் தொட்டால் அதன் பாரமும் தராசில் ஏறி, விடை 1-ஐ நோக்கிச் சரியும். ஒரு கிராம் வரைதான் காட்டும் சமையலறைத் தராசு இதற்கு ஆகாது. 0.1 கிராம் தராசென்றால் கல் 30 கிராமாவது இருக்கட்டும். சின்னக் கல்லுக்கு நகை நிறுக்கும் 0.01 கிராம் தராசு.

மணிகளுக்கு நூல் கட்ட முடியாது, குப்பி முறைதான். மூடி இறுக்கமான சின்னக் கண்ணாடிக் குப்பி. காய்ந்த மணிகளின் எடை ஒன்று. குப்பி நிறையத் தண்ணீரோடு எடை இரண்டு. மணிகளைப் போட்டு, குமிழி போகத் தட்டி, மறுபடி அதே விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி எடை மூன்று. முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் மணிகள் விலக்கிய தண்ணீர் கிடைக்கும். முதல் எடையை அதனால் வகுங்கள். குப்பியின் வெளிப்புற ஈரத்தைத் துடைக்க மறப்பதுதான் இங்கே வழக்கமான கோளாறு.

சேலத்தான்:
இடையில் ஒரு சந்தேகம். சேலம் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட் என்று சொல்லிக் கொடுத்த ஒரு துண்டு இருக்கிறது. எலுமிச்சைச் சாறு விட்டேன், பொங்கவே இல்லை. கார்பனேட் என்றால் பொங்க வேண்டாமா? இது வெறும் வெங்கச்சங்கல்லா?

நெப்பிலின்:
பொங்காததால்தான் அது மேக்னசைட்டாக இருக்க வாய்ப்பு. கார்பனேட் எல்லாம் ஒரே வேகத்தில் கரையாது. கால்சைட் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளிர்ந்த நிலையிலேயே சீறும். டோலமைட் பொடி செய்தால்தான் பொங்கும். மேக்னசைட் பொடியாக இருந்தாலும் அமிலம் சூடாக இருந்தால்தான் அசையும். எலுமிச்சையை வைத்துக் கால்சைட்டைப் பிடிக்கலாம், மேக்னசைட்டைப் பிடிக்க முடியாது.

அமிலம் தொடாமலே முடிவு செய்யலாம். கண்ணாடியைக் கீறிப் பாருங்கள். வெங்கச்சங்கல் கீறும். சுத்தமான மேக்னசைட் கடினம் 4 அளவில் இருப்பதால் கீறாது. ஒப்படர்த்தி 3.0-ஐ ஒட்டி வந்தால் உறுதி. கண்ணாடியைக் கீறுகிறது ஆனால் ஒப்படர்த்தி 2.8 என்று குழப்பமாக வந்தால், அதற்குள் சிலிக்கா இழைகள் ஓடுகின்றன என்று பொருள். சேலத்துக் கல்லில் இது சகஜம்.

காரணம் அது உருவான விதத்தில் இருக்கிறது. சேலம் சுண்ணாம்புக் குன்றுகளில், பெயர் அப்படியே தவிர சுண்ணாம்பு கிடையாது. அடியில் இருப்பது ஒலிவின் நிறைந்த டுனைட் பாறை. கரியமில வாயு கரைந்த நீர் அதன் விரிசல்களில் ஏறியபோது ஒலிவினின் மேக்னீசியம் கார்பனேட்டாகி வெள்ளை நரம்புகளாகப் படிந்தது. பிரிந்த சிலிக்கா எங்கே போகும்? ஒரு பங்கு அதே விரிசல்களில் கால்செடனியாக, அதாவது நுண்ணிய குவார்ட்ஸாக உறைந்தது. வலைப்பின்னல் போன்ற நரம்புகளும் காலிஃபிளவர் போன்ற முண்டுகளும் வருவது இந்த விரிசல் வழியால்தான்.

அரமும்_ஆணியும்:
அமிலம் வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு: கடை அமிலம் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். இரண்டு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அமிலத்தை ஊற்றுங்கள், ஒருபோதும் அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணாடியும் கையுறையும் போட்டு, திறந்தவெளியில். பிளீச்சிங் பவுடர் பக்கத்தில் இருக்கவே கூடாது, குளோரின் கிளம்பும். சூடு வேண்டுமென்றால் அமிலத்தை அடுப்பில் வைக்காதீர்கள். பொடியும் அமிலமும் உள்ள சோதனைக்குழாயை வெந்நீர் டம்ளரில் நிறுத்தினால் போதும்.

கொங்குக்கல்:
அளந்துவிட்டேன்.

கல் ஒன்று: 41.6 கிராம், விலக்கியது 10.9. ஒப்படர்த்தி 3.82. வரிகள் குறுக்கே ஓடுகின்றன. வெள்ளை ஒட்டு வெயிலில் தட்டையாக மின்னி அணைகிறது. உடைந்த முனையில் கத்தி வழுக்குகிறது, வெங்கச்சங்கல்லை இது நன்றாகவே கீறுகிறது.

கல் இரண்டு: 6.12 கிராம், விலக்கியது 2.45. ஒப்படர்த்தி 2.50.

கல் மூன்று, குப்பி முறை: மணிகள் 30.00, தண்ணீர்க் குப்பி 152.40, இரண்டும் சேர்ந்து 175.20. ஒப்படர்த்தி 4.17.

முதல் கல் 4.0 வராமல் 3.82 வந்தது ஏன்? மூன்றாவது 4.17, அது குருந்தத்துக்கு அருகில்தானே, அப்போது கெம்பா?

சாணைப்பட்டறை:
கல் ஒன்று குருந்தம்தான். குறைந்த 0.18 அந்த வெள்ளை ஒட்டின் கணக்கு. ஃபெல்ட்ஸ்பார் 2.6. மொத்தக் கன அளவில் 13 சதவீதம் ஃபெல்ட்ஸ்பார் என்று வைத்துக் கணக்கிட்டால் சரியாக 3.82 வரும். ஒட்டைக் கண்ணால் பார்த்தாலே ஏறத்தாழ அந்த அளவு இருக்குமே?

கல் மூன்று கெம்பு இல்லை. குருந்தம் வழக்கமாக 4.1-ஐத் தாண்டாது. சுத்தமான மணிகள் 4.17 காட்டினால் அது இரும்பு மிகுந்த அல்மண்டைன் பக்கத்துக் கார்னெட். ஆனால் ஒப்படர்த்தியை மட்டும் நம்பாதீர்கள். மணிகளோடு நாலு இல்மனைட் (கனமான கறுப்புத் தாது) மணி கலந்திருந்தாலும் எண் ஏறும். நியோடிமியம் காந்தம் ஒன்று வாங்குங்கள். ஒரு மணியைத் தெர்மக்கோல் துண்டின் மேல் வைத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டு, காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். அல்மண்டைன் காந்தத்தைப் பின்தொடர்ந்து வரும். கெம்பு அசையாது. படிகம் உடையாமல் இருந்தால் முகங்களை எண்ணுங்கள்: 12 சாய்சதுரம் அல்லது காற்றாடிப் பட்டம் போன்ற 24 முகங்கள் என்றால் கார்னெட். கெம்பு பந்து போல வளராது.

கல் இரண்டுதான் எனக்கு உறுத்துகிறது. பெரிலுக்கு 2.50 ரொம்பக் குறைவு. சாதாரண பாட்டில் கண்ணாடி சரியாக அங்கேதான் நிற்கும்.

லென்ஸ்பத்து:
குமிழி ஒட்டிக் குறைந்திருக்கலாமே என்று கேட்பார்கள், அதையும் கணக்குப் பார்த்துவிடலாம். பெரிலாக இருந்தால் 6.12 கிராம் கல் 2.27 கிராம் தண்ணீரை விலக்க வேண்டும். வித்தியாசம் 0.18. அந்த அளவுக் காற்று என்றால் பட்டாணி அளவுக் குமிழி, கண்ணில் படாமல் இருக்காது.

உறுதிப்படுத்த லேப்டாப் போதும். எல்சிடி திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். போலராய்டு கூலிங்கிளாஸ் கண்ணாடியைத் திரைக்கு முன் பிடித்துத் திரை கறுக்கும் வரை திருப்புங்கள். இப்போது கல்லை இரண்டுக்கும் நடுவில் பிடித்து ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். அக்வாமரைன் என்றால் நான்கு முறை வெளிச்சமாகி நான்கு முறை இருளும். வெறும் கண்ணாடித் துண்டு என்றால் முழுச் சுற்றும் இருட்டாகவே இருக்கும். உள்ளிறுக்கம் இருந்தால் பாம்பு நெளிவது போல நிழல் மட்டும் ஓடும். படிகத்தின் ஒளி அச்சு வழியே பார்த்துவிட்டால் பெரிலும் இருட்டாகவே நிற்கும், ஆகையால் மூன்று வெவ்வேறு வாட்டத்தில் பிடித்துப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

பிறகு பத்து மடங்கு லென்ஸ். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக் கல்லை அதற்கு அருகே கொண்டுவாருங்கள். பலர் கையை நீட்டிப் பிடித்து ஒன்றும் தெரியவில்லை என்பார்கள். அக்வாமரைனுக்குள் நீளவாக்கில் மழைச்சாரல் போன்ற மெல்லிய குழாய்கள் இருக்கலாம். கண்ணாடிக்குள் உருண்டையான குமிழிகள்.

கல்லூரிக்கனிமம்:
பெக்மடைட்டில் படிகம் பெரிதாக வருவது குழம்பு மிக மெதுவாகக் குளிர்ந்ததால்தானே? அப்படியானால் சிவன்மலைப் படிகமும் அதே மாதிரியா?

நெப்பிலின்:
பாடப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும், அது முழு விளக்கமாகாது. பெக்மடைட் நரம்பு பல ஒரு மீட்டர் அகலம்கூட இருக்காது, அவ்வளவு மெலிந்தது யுகக்கணக்கில் சூட்டைப் பிடித்துவைத்திருக்க முடியாது. காரணம் கடைசிக் குழம்பில் சேர்ந்துவிட்ட நீர், ஃபுளோரின், போரான். இவை குழம்பை இளக்கும், புதிய படிகக் கரு தோன்றுவதைத் தடுக்கும். கரு சில, அவற்றை நோக்கி அயனிகள் சுலபமாக ஓடிவருகின்றன. அதனால் இருக்கும் சில படிகங்கள் வேகமாகவே பெரிதாக வளரும். பெரிலியம் போன்ற, மற்ற கனிமங்கள் ஏற்காத தனிமங்களும் அங்கேதான் வந்து தேங்கும். பெரில் பெக்மடைட்டைத் தேடிப் போவது இதனால்தான். சிவன்மலைக் குருந்தம் வேறு கதை: அது சயனைட்டுக்குள், அதன் ஃபெல்ட்ஸ்பாரோடு சேர்ந்து வளர்ந்தது, அந்தப் பாறையும் பின்னர் உருமாற்றச் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் உள்ளானது.

கொங்குக்கல்:
கல் இரண்டு மூன்று வாட்டத்திலும் இருட்டு, லென்ஸில் இரண்டு உருண்டைக் குமிழி. பாட்டில்தான். மணிகள் காந்தத்தைத் தொடர்ந்து மிதந்து வருகின்றன. ஒன்றில் சாய்சதுர முகம் தெளிவாக இருக்கிறது.

கல் ஒன்றின் வெள்ளையைத் தட்டி எடுத்துவிட்டால் 4.0 வருமா? பட்டை தீட்டலாமா?

சாணைப்பட்டறை:
தட்டாதீர்கள். குருந்தம் கடினமானதே தவிர, அந்தப் பிரிவுத் தளங்கள் வழியே ஒரே தட்டில் இரண்டாகும். பட்டை தீட்டவும் அது ஆகாது. விளிம்பில் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒளி உள்ளே ஒரு மில்லிமீட்டர்கூட இறங்காது. அந்தப் பக்கத்துச் சாம்பல் குருந்தம் பெரும்பாலும் சாணைப் பொடிக்கு உரியது.

ஃபெல்ட்ஸ்பாரோடு இருக்கும்போதுதான் அதற்கு மதிப்பு. எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று அந்த ஒட்டு ஒன்றுதான் சொல்கிறது. எடுத்த இடம், தேதி, ஒப்படர்த்தி மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கல்லோடு டப்பாவில் போடுங்கள். கார்னெட்டைத் தனி டப்பாவில் வையுங்கள், சேர்த்து வைத்தால் குருந்தம் அதையெல்லாம் கீறிவிடும்.